லேசான லேப்டாப்பா, பவர்ஃபுல் லேப்டாப்பா? வாங்கும் முன் அடிக்கடி வரும் கேள்விகள்

இன்ஜினியரிங் கவுன்சிலிங் முடிந்து காலேஜ் திறக்கப் போகிற வாரங்களில் வீட்டுக்கு வீடு இந்தப் பேச்சுதான். கையில் எழுபதாயிரமோ ஒரு லட்சமோ இருக்கிறது. ஒரே லேப்டாப், நாலு வருஷம் ஓட வேண்டும். கடைக்காரர் ஒன்றேகால் கிலோவில் மெல்லிசாக ஒன்றைக் காட்டுகிறார்; பக்கத்திலேயே கிட்டத்தட்ட அதே விலையில் இரண்டரை கிலோ கேமிங் லேப்டாப் சிவப்பு விளக்கு எரிய உட்கார்ந்திருக்கிறது. மாணவர்களும் பெற்றோர்களும், வேலைக்குப் போகிற சிலரும் என்னிடம் கேட்பவை இவை.

விலை ஒன்றுதான் என்றால் வேகம் அதிகமானதை வாங்குவதுதானே லாபம்?

அந்த வேகத்தைப் பயன்படுத்தினால் லாபம். கேமிங் லேப்டாப்பில் உங்கள் பணத்தின் பெரும்பகுதி கிராபிக்ஸ் கார்டுக்கும் அதைக் குளிர்விக்கும் ஏற்பாட்டுக்கும் போகிறது. அந்தச் செலவை எங்கேயாவது ஈடுகட்ட வேண்டும் அல்லவா? முதலில் கை வைப்பது திரையில்தான். குறைந்த விலை கேமிங் லேப்டாப்புகள் பலவற்றில் '45 சதவீத என்டிஎஸ்சி' என்று போட்ட திரை இருக்கும் (எவ்வளவு நிறங்களைக் காட்டும் என்பதற்கான அளவு அது). நிறங்கள் வெளிறித் தெரியும், சிவப்பு செங்கல் நிறமாகத் தெரியும். வெப்கேம், ஸ்பீக்கர், டச்பேட், பாடி எல்லாம் சுமார்தான். லேசான லேப்டாப்பில் அதே பணம் திரைக்கும் பேட்டரிக்கும் உடம்புக்கும் போகிறது.

கிராபிக்ஸ் கார்டு தேவைப்படாத ஆளுக்கு அந்தப் பணம் நாலு வருஷமும் முடங்கிக் கிடக்கும். தேவைப்படுகிறவருக்கோ, எவ்வளவு நல்ல திரை இருந்தாலும் ரெண்டர் (3டி மாடலையோ வீடியோவையோ முழுப் படமாக்கும் வேலை) முடியாது.

வேகமான லேப்டாப் ஏன் கனமாகவே இருக்கிறது? சின்னதாகச் செய்ய முடியாதா?

சூடுதான் காரணம். லேப்டாப் இழுக்கிற மின்சாரம் முழுக்கக் கடைசியில் சூடாகத்தான் வெளியே வருகிறது. லேசான லேப்டாப்பின் பிராசஸர் 15 முதல் 28 வாட் வரை இழுக்கும். கேமிங் லேப்டாப்பில் பிராசஸர் 45 வாட்டைத் தாண்டும், கிராபிக்ஸ் கார்டு தனியாக 100 வாட் வரை கேட்கும். இரண்டும் சேர்ந்து உழைக்கும்போது வருகிற 150 வாட் சூட்டை உள்ளங்கை அகல இடத்திலிருந்து வெளியேற்ற வேண்டும். அதற்குத் தடித்த செப்புக் குழாய்கள், இரண்டு ஃபேன், பக்கவாட்டிலும் பின்னாலும் காற்றுத் துளைகள். நீங்கள் தூக்கிச் சுமக்கிற கூடுதல் ஒரு கிலோவில் பெரும்பங்கு இதுதான்.

இதையெல்லாம் குறைத்தால் என்ன ஆகும் என்பதற்கு 2020-ல் வந்த எம்1 மேக்புக் ஏர் நல்ல உதாரணம். எடை 1.29 கிலோ, ஃபேனே கிடையாது. சின்ன வேலைகளில் பறக்கும். பெரிய வீடியோ ஒன்றை எக்ஸ்போர்ட் செய்யவிட்டால் சில நிமிஷம் முழு வேகத்தில் ஓடி, சூடேறியதும் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆகவே லேசான லேப்டாப்பை 'மெதுவானது' என்பதைவிட, நீண்ட நேரம் மூச்சுப்பிடித்து ஓடாதது என்று சொல்வது சரி.

நம் ஊருக்கு இன்னொரு கணக்கும் உண்டு. லேப்டாப் ஃபேன் குளிர்ந்த காற்றை எங்கிருந்தோ கொண்டுவருவதில்லை, அறையில் இருப்பதைத்தான் உறிஞ்சுகிறது. மே மாதம் வேலூரிலோ திருச்சியிலோ ஏசி இல்லாத ஹாஸ்டல் அறையில் 38 டிகிரி இருந்தால், ஏசி அறையில் எடுத்த ரிவ்யூ வீடியோவில் காட்டிய வேகம் உங்களுக்குக் கிடைக்காது. இது இரண்டு வகைக்கும் பொருந்தும்.

இரண்டிலும் ஐ7 என்றுதான் போட்டிருக்கிறது. அப்புறம் என்ன வித்தியாசம்?

ஐ7 என்பதைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அதன் பின்னால் வருகிற எண்ணையும் கடைசி எழுத்தையும் பாருங்கள். இன்டெல் ஐ7-1355யூ, ஐ7-13700எச் இரண்டும் ஒரே தலைமுறை, இரண்டும் ஐ7. முதலாவதில் வேகமான கோர் (பிராசஸருக்குள் வேலை செய்யும் பிரிவு) 2, சிக்கனமான கோர் 8. அடிப்படை மின்தேவை 15 வாட். இரண்டாவதில் வேகமான கோர் 6, சிக்கனமான கோர் 8; 45 வாட். கனமான வேலையில் இரண்டையும் பக்கத்தில் வைக்கவே முடியாது. வேர்டு திறப்பதிலும் பிரவுசரிலும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது.

பொதுவாக யூ என்றால் பேட்டரி, எச், எச்எஸ் என்றால் வேகம், எச்எக்ஸ் என்றால் கிட்டத்தட்ட டெஸ்க்டாப். 2024-ல் வந்த கோர் அல்ட்ரா 200வி வரிசையில் வி என்று முடிவது லேசான லேப்டாப்புக்காகவே செய்தது. பேட்டரி அருமையாக நிற்கும்.

ஏஎம்டியிலும் இந்த வலை உண்டு. ரைசன் 7 7730யூ என்பதைப் பார்த்தால் 7000 வரிசை, புதுசு என்று தோன்றும். உள்ளே இருப்பது ஸென் 3 என்ற பழைய வடிவமைப்பு. ரைசன் 7 7840எச்எஸ்ஸில்தான் ஸென் 4. பெயர் வைத்தவர்கள் நம்மைக் குழப்பவே வைத்தார்கள் என்பது என் சந்தேகம்.

ஆர்டிஎக்ஸ் 4060 என்றால் எல்லா லேப்டாப்பிலும் ஒன்றுதானே?

இல்லை. அந்தக் கிராபிக்ஸ் சிப்பைச் செய்யும் என்விடியா, அதை 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை எதில் வேண்டுமானாலும் ஓட்டிக்கொள்ள லேப்டாப் கம்பெனிகளுக்கு அனுமதி கொடுத்திருக்கிறது. மெல்லிய லேப்டாப் ஒன்றில் 45 வாட்டில் திணறும் 4060-ஐவிட, தடித்த லேப்டாப்பில் முழு வாட்டில் ஓடும் 4050 சளைத்ததில்லை. ஸ்பெக் பக்கத்தில் 'டிஜிபி' என்ற எண்ணை, அதாவது கார்டு எத்தனை வாட் வரை இழுக்கலாம் என்பதை, தேடுங்கள். கம்பெனி அதை எழுதவே இல்லையென்றால், எண் சின்னது என்று எடுத்துக்கொள்ளலாம்.

கூடவே வீடியோ மெமரியையும் பாருங்கள். 4050-ல் 6 ஜிபி, 4060-ல் 8 ஜிபி. 3டி வேலைக்கும் ஏஐ வேலைக்கும் அந்த 2 ஜிபி சில சமயம் 'ஓடும்', 'ஓடாது' என்ற அளவுக்கு வித்தியாசம் காட்டும்.

என் படிப்புக்கு எது தேவை?

கம்ப்யூட்டர் சயின்ஸ், ஐடி: லேசானது போதும், சந்தேகமே வேண்டாம். சி, ஜாவா, பைத்தான், விஎஸ் கோடு எதற்கும் கிராபிக்ஸ் கார்டு வேண்டாம். ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவும் டாக்கரும் கேட்பது ரேம். சிஎஸ் என்றாலே கேமிங் லேப்டாப் என்று சீனியர்கள் சொன்னால் அவர்கள் மாலையில் என்ன செய்கிறார்கள் என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

மெக்கானிக்கல்: இங்கேதான் நிறையப் பேர் தேவைக்கு மேல் வாங்குகிறார்கள். சாலிட்ஒர்க்ஸில் பாகங்களை வரைவது பெரும்பாலும் ஒற்றைக் கோரின் வேகத்தை நம்பிய வேலை. காலேஜ் பாடத்தில் வரும் சின்ன அசெம்பிளிகள் நல்ல எச் பிராசஸரும் 16 ஜிபி ரேமும் இருந்தால் தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாமலேயே நகரும். சிமுலேஷன் மென்பொருளான ஆன்சிஸின் இலவச மாணவர் பதிப்பில் மெஷ் (மாடலைச் சின்னத் துண்டுகளாகப் பிரிக்கும் வலை) அளவுக்கே வரம்பு உண்டு. எவ்வளவு பெரிய மெஷின் வாங்கினாலும் அந்த வரம்பைத் தாண்ட முடியாது. பெரிய சிமுலேஷனைக் காலேஜ் லேபில் போடுங்கள். ஃபார்முலா ஸ்டூடன்ட், பாஜா போன்ற மாணவர் வண்டிப் போட்டி டீமில் சேர்ந்து முழு வண்டியையும் மாடல் செய்யப் போகிறவர் என்றால் மட்டும் கனமானதை வாங்கலாம்.

சிவில்: ஆட்டோகேட், ஸ்டாட் புரோ, ஈடாப்ஸ் எல்லாம் நடுத்தர லேப்டாப்பில் ஓடும். ரெவிட் வந்தால் ரேமைக் கூட்டுங்கள்.

ஆர்க்கிடெக்சர்: இவர்களுக்கு மட்டும் தயங்காமல் சொல்வேன், கனமானதை வாங்குங்கள். ரெவிட், ஸ்கெட்ச்அப் வரை எப்படியோ ஓட்டிவிடலாம். லூமியன், என்ஸ்கேப், டி5 என்று ரெண்டரிங் ஆரம்பித்ததும் கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் ஒன்றும் நடக்காது. ஜூரிக்கு (டிசைனை நடுவர்கள் மதிப்பிடும் நாளுக்கு) முந்தின இரவு நண்பன் லேப்டாப்புக்காகக் காத்திருப்பதைவிடத் தோள் வலி பரவாயில்லை.

இசிஇ, இஇஇ: மேட்லாப் எதிலும் ஓடும். எஃப்பிஜிஏ (நாமே சர்க்யூட்டை வடிவமைத்து ஏற்றும் சிப்) பக்கம் போகிறவர்கள் அதற்கான விவாடோ மென்பொருளுக்கு எஸ்எஸ்டியில் தாராளமாக இடம் வைக்க வேண்டும், 100 ஜிபி வரை விழுங்கும். எடுத்தவுடன் 512 ஜிபி வாங்கியவர்கள் இரண்டாம் வருஷம் புலம்புவார்கள்.

பி.காம், சிஏ: லேசானது, விண்டோஸ். டேலி விண்டோஸுக்கான மென்பொருள். எக்ஸலில் வேலை அதிகம் என்பதால் நம்பர் பேட் உள்ள 15 அங்குல மாடல் சிலருக்கு வசதி.

விஸ்காம்: படிப்பின் பெயரைவிட நீங்கள் செய்யப்போகிற வேலைதான் முக்கியம். போட்டோவும் சின்ன வீடியோவும் என்றால் நல்ல திரை உள்ள லேசானது. ஆஃப்டர் எஃபெக்ட்ஸ், பிளெண்டர், டாவின்சியில் கலர் கிரேடிங் என்றால் கிராபிக்ஸ் கார்டு. ஆனால் 45 சதவீதத் திரையில் கலர் கிரேடிங் செய்யாதீர்கள். வெளியே ஒரு மானிட்டர் வாங்கி இணைத்துக்கொள்ளுங்கள்.

ஏஐ, மெஷின் லேர்னிங் படிக்கிறேன். என்விடியா இல்லாமல் முடியாது என்கிறார்களே?

பாதி உண்மை. அந்தத் துறையின் மென்பொருள்கள் பெரும்பாலும் என்விடியா கார்டில் மட்டும் ஓடும் கூடா (CUDA) மென்பொருளை நம்பியவை. ஆனால் முதல் இரண்டு வருஷம் நீங்கள் செய்யப் போவது பாண்டாஸ், சைகிட்-லேர்ன், சின்ன நியூரல் நெட்வொர்க்குகள். இவை பிராசஸரிலேயே ஓடும். அதைத் தாண்டியதும், கூகுளின் கம்ப்யூட்டரில் பிரவுசர் வழியாக நம் புரோகிராமை ஓட்டும் கூகுள் கோலாப் இருக்கிறது. அதில் இலவசமாகக் கிடைக்கும் டி4 கார்டில் 16 ஜிபி மெமரி உண்டு. உங்கள் 4060-ல் இருப்பது 8 ஜிபி. காகிள் தளத்திலும் வாராவாரம் குறிப்பிட்ட மணி நேரம் இலவசம். கோலாப் நடுவில் துண்டித்துவிடும், கேட்டபோதெல்லாம் கார்டு கிடைக்காது என்பது தொல்லைதான். ஹாஸ்டல் வைஃபையும் நமக்குத் தெரிந்ததே.

சொந்த லேப்டாப்பிலேயே மொழி மாடல்களை ஓட்டிப் பார்க்க ஆசையா? 7, 8 பில்லியன் பாராமீட்டர் (மாடலுக்குள் இருக்கும் எண்கள்) அளவு மாடலை, ஒவ்வொரு எண்ணும் 4 பிட் ஆகும்படி சுருக்கினால் ஐந்து ஜிபி அளவில் வந்துவிடும். 8 ஜிபி கார்டில் அது சுகமாக ஓடும். இதைத் தினமும் செய்கிறவருக்குக் கனமான லேப்டாப் நியாயமான செலவு.

இரண்டரை கிலோ பெரிய எடையா என்ன? பையன் தூக்க மாட்டானா?

தூக்குவான். தினமும் தூக்குவானா என்பதுதான் கேள்வி. லேப்டாப் எடையோடு சார்ஜர் எடையையும் கூட்டுங்கள். லேசானதற்கு 65 வாட் டைப்-சி சார்ஜர். அதிலேயே போனும் சார்ஜ் ஆகும், மறந்துவிட்டுப் போனால் நண்பன் சார்ஜரைச் செருகிக்கொள்ளலாம். எல்லாம் சேர்த்து ஒன்றரை கிலோ. கேமிங் லேப்டாப்பின் 200 வாட்டுக்கு மேற்பட்ட சார்ஜர் தனியாகவே அரை கிலோவைத் தாண்டும். மொத்தம் மூன்று கிலோவை ஒட்டி வரும். நோட்டு, தண்ணீர் பாட்டில், சாப்பாடு வேறு. காலை எட்டு மணி மாநகரப் பேருந்தில் நின்றுகொண்டே போகிற டே ஸ்காலருக்கு இது சின்ன விஷயமில்லை.

கடையில் யாரும் சொல்லாத ஒன்று: நம் நாட்டில் விற்கும் சில கேமிங் மாடல்களின் சார்ஜர், ஏசி, கீசருக்குப் போடுகிற 16 ஆம்பியர் பெரிய பிளக்கோடு வருகிறது. வகுப்பறையிலும் ஹாஸ்டல் கட்டில் பக்கத்திலும் இருப்பது 6 ஆம்பியர் சாக்கெட். வாங்கும்போதே பெட்டியைத் திறந்து பிளக்கைப் பாருங்கள். பெரியதாக இருந்தால் ஒயரின் அந்தப் பகுதியை மட்டும் மாற்ற முடியுமா என்று கம்பெனி சர்வீஸில் கேளுங்கள். ரோட்டோரக் கன்வர்ட்டரை நம்பி ஒரு லட்ச ரூபாய் மெஷினை மாட்ட வேண்டாம்.

ஹாஸ்டல் மேஜையை விட்டு நகராத லேப்டாப்புக்கு எடை ஒரு பொருட்டே இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பேட்டரி இரண்டிலும் 70 வாட்-அவர்தான். ஒன்று பத்து மணி நேரம், இன்னொன்று நாலு மணி நேரம் நிற்பது ஏன்?

இரண்டும் ஒரே அளவு டேங்க் உள்ள வண்டிகள், மைலேஜ் வேறு. நோட்ஸ் எழுதவும் பிரவுசர் பார்க்கவும் லேசானது 6, 7 வாட்டில் ஓடிவிடும். கேமிங் லேப்டாப்பில் கிராபிக்ஸ் கார்டு தூங்கினாலும் சும்மா இருக்கவே 12 முதல் 15 வாட் ஆகிவிடும். கார்டு விழித்துக்கொண்டால் அதற்கும் மேல். ஹைபிரிட் அல்லது ஆப்டிமஸ் மோடில் வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள்; கேமுக்காக 'டிஸ்கிரீட்' மோடுக்கு மாற்றிவிட்டு மறந்துபோய், பேட்டரி கெட்டுவிட்டது என்று சர்வீஸ் சென்டருக்கு ஓடுகிறவர்கள் உண்டு.

இன்னொன்று, பிளக்கை உருவினால் கேமிங் லேப்டாப் தன் பலத்தில் பாதிக்கு மேல் இழந்துவிடும். 150 வாட்டை அந்தப் பேட்டரியால் கொடுக்க முடியாது, அதனால் கார்டைக் கட்டிப்போடும். அப்படியும் ஒரு மணி நேரத்தில் தீர்ந்துவிடும். கரண்ட் போனால் கேமும் ரெண்டரும் போச்சு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பேட்டரியையே பெரிதாக வைக்கலாமே என்றால், விமானத்தில் முன் அனுமதி இல்லாமல் கையோடு கொண்டுபோக 100 வாட்-அவர்தான் வரம்பு. அதனால்தான் எவ்வளவு பெரிய லேப்டாப்பானாலும் 99 வாட்-அவரை ஒட்டி நின்றுவிடுகிறது.

8 ஜிபி ரேம் போதாதா?

இன்றைக்கு வாங்கினால் போதாது. 16 ஜிபிக்குக் கீழே போகாதீர்கள். லேசான லேப்டாப்புகள் பலவற்றில் ரேம் போர்டோடு பற்றவைத்து வருகிறது, பிற்பாடு கூட்டவே முடியாது. கோர் அல்ட்ரா 200வியில் அது பிராசஸரோடேயே ஒட்டியிருக்கிறது. கனமான லேப்டாப்புகளில் பெரும்பாலும் இரண்டு ஸ்லாட் இருக்கும். இந்த ஒரு விஷயத்தில் அவைதான் பரவாயில்லை. ஆனால் ஏஐ டேட்டா சென்டர்களின் தேவையால் 2025 கடைசியிலிருந்து ரேம் விலை கடுமையாக ஏறியிருக்கிறது. 'அப்புறம் போட்டுக்கலாம்' என்ற கணக்கு முன்போல மலிவில் முடியாது.

மேக்புக் ஏர் வாங்கலாமா?

சிஎஸ் மாணவருக்கும் எழுத்து, போட்டோ, வீடியோ எடிட்டிங் செய்கிறவருக்கும் அருமையான லேப்டாப். 1.24 கிலோ, சத்தமே கிடையாது, நாள் முழுக்கப் பேட்டரி. 2024 அக்டோபரிலிருந்து ஆரம்ப மாடலிலேயே 16 ஜிபி ரேம். மாணவர் விலையும் உண்டு.

சாலிட்ஒர்க்ஸ், ரெவிட், ஈடாப்ஸ், ஆன்சிஸ், லூமியன், விவாடோ: இவற்றில் ஒன்று உங்கள் சிலபஸில் இருந்தாலும் வேண்டாம். மேக்கில் இவை நேரடியாக ஓடா. துறைத் தலைவரிடமோ சீனியரிடமோ மென்பொருள் பட்டியலை வாங்கிப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

உண்மையைச் சொன்னால் எனக்கு கேம் விளையாடத்தான் வேண்டும். தப்பா?

தப்பே இல்லை. 'புராஜெக்டுக்கு வேணும்பா' என்று வீட்டில் சொல்வதுதான் சிக்கல், அது உங்கள் பாடு. என்ன கேம் என்று பாருங்கள். வேலரண்ட், ஜிடிஏ 5 அளவுக்கு ரைசன் 7840எச்எஸ்ஸில் உள்ள ரேடியான் 780எம் போன்ற, பிராசஸருக்குள்ளேயே இருக்கும் கிராபிக்ஸே போதும். வேலரண்ட் மேக்கில் கிடையாது. புதிய பெரிய கேம்கள் என்றால் 8 ஜிபி மெமரியுள்ள கார்டோடு கனமான லேப்டாப்தான். மெல்லிய லேப்டாப்பை வாங்கி அதில் எல்லாவற்றையும் குறைந்த செட்டிங்கில் வைத்து விளையாடுவது நாலு மாதத்தில் சலித்துவிடும்.

நடுவில் ஒன்றும் இல்லையா?

இருக்கிறது, என்னைக் கேட்டால் பெரும்பாலானோர் பார்க்க வேண்டியதே இந்த ரகத்தைத்தான். 14 அங்குலம், ஒன்றரை கிலோ, எச் அல்லது எச்எஸ் பிராசஸர், 16 அல்லது 32 ஜிபி ரேம், தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. கம்பைல், நடுத்தர அளவு கேட் (CAD) டிசைன், 1080பி வீடியோ எடிட்டிங் எல்லாவற்றுக்கும் ஈடுகொடுக்கும், பேருந்திலும் உறுத்தாது. கடைகளில் இதைத் தள்ளி விற்பதில்லை, ஏனென்றால் காட்டிப் பெருமைப்பட விளக்கும் இல்லை, கார்டு எண்ணும் இல்லை.

தனிக் கார்டும் வேண்டும், லேசாகவும் வேண்டும் என்றால் 2024-ன் அசூஸ் செஃபைரஸ் ஜி14 மாதிரி ஒன்றரை கிலோவில் 4060 வைத்த லேப்டாப்புகள் உண்டு. ஆனால் அதே கார்டுள்ள தடித்த லேப்டாப்பைவிட விலை வெகுவாகக் கூடும். ரேமும் அதில் பற்றவைத்ததுதான்.

லேசான லேப்டாப்பும் வீட்டில் ஒரு டெஸ்க்டாப்பும் வைத்துக்கொண்டால்?

வேலைக்குப் போகிறவர்களுக்கும் டே ஸ்காலர்களுக்கும் மிக நல்ல யோசனை. அதே பெயருள்ள கார்டு டெஸ்க்டாப்பில் பல சமயம் அதிக வாட்டில் ஓடும், கெட்டுப்போனால் பாகம் பாகமாக மாற்றலாம். ஹாஸ்டல் மாணவருக்குச் சரிவராது.

எது நாலு வருஷம் உழைக்கும்?

இரண்டும் உழைக்கும், பழுதாகும் இடம்தான் வேறு. கனமானதில் ஃபேனிலும் சூட்டுத் தகடுகளிலும் தூசி அடைந்து, இரண்டாம் வருஷத்தில் சத்தமும் சூடும் ஏறும். வருஷம் ஒருமுறை திறந்து சுத்தம் செய்து, இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை தெர்மல் பேஸ்ட் மாற்றினால் சரியாகிவிடும். மெத்தை மேல் வைத்துப் பயன்படுத்துவதுதான் அதற்கு முதல் எதிரி. கூலிங் பேட் வாங்குவதற்கு முன் பின்பக்கத்தைக் கொஞ்சம் தூக்கி வைத்துப் பாருங்கள், பல சமயம் அதுவே போதும். லேசானதில் உடைவது திரையும் கீல்களும். பையில் லேப்டாப் மேல் டிபன் பாக்ஸை அழுத்தி வைக்காதீர்கள். இரண்டுக்குமே, எப்போதும் பிளக்கில் செருகியிருந்தால் சார்ஜை 80 சதவீதத்தில் நிறுத்தும் வசதியைப் போட்டுவிடுங்கள்.

கடையில் என்ன பார்த்து வாங்க வேண்டும்?

ரிச்சி ஸ்ட்ரீட்டாக இருந்தாலும் ஷோரூமாக இருந்தாலும் ஆன்லைனாக இருந்தாலும், முழு மாடல் எண்ணை எழுதி வாங்குங்கள். ஒரே பெயரில் இரண்டு திரை, மூன்று பிராசஸர், இரண்டு வாட் அளவு இருக்கும். அந்த நீண்ட எண்ணில்தான் வித்தியாசம் தெரியும். உங்கள் ஊரில், அல்லது காலேஜ் இருக்கிற ஊரில், அந்தக் கம்பெனிக்குச் சர்வீஸ் சென்டர் இருக்கிறதா என்று விசாரியுங்கள். வீட்டுக்கே வந்து பார்க்கும் வாரண்டி கனமானதற்கு நல்லது. கீழே விழுந்தாலும் ஈடு தரும் கூடுதல் பாதுகாப்பு லேசானதற்கு நல்லது.

வாங்கிய முதல் வாரத்திலேயே சோதித்துவிடுங்கள். முழு வெள்ளை, முழுக் கறுப்புப் படத்தைத் திரையில் போட்டு புள்ளிகள் இருக்கின்றனவா என்று பார்க்கலாம். கனமானதை வாங்கியிருந்தால் அரை மணி நேரம் கேமோ ரெண்டரோ ஓடவிட்டு வேகம் விழுகிறதா, தானாக அணைகிறதா என்று கவனியுங்கள். லேசானதில் ஒரு முழு நாள் பேட்டரியில் மட்டும் வேலை பார்த்துப் பாருங்கள். மாற்றித்தர வேண்டியது ஏதாவது இருந்தால் ஏழு அல்லது பத்து நாளுக்குள் கேட்டால்தான் பேச்சு எடுபடும், அதனால் பெட்டியையும் தெர்மாகோலையும் அதுவரை பரணில் வையுங்கள்.